பிழைக் கொப்பி

போன மாதம் ஒரு இளம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தாள். நான் கடைசியாகப் படிப்பித்த பாடசாலையில் இப்போது கணிதம் படிப்பிக்கிறவள்.

"ரீச்சர், பெற்றோரையும் பிள்ளையளையும் சேர்த்துக் கணிதப் பாடத்தை முன்னேற்ற வேணுமாம். திட்டம் ஒண்டு எழுதித் தரச் சொல்லுகினம். நீங்கள் அந்தக் காலத்திலை பிழைக் கொப்பி எண்டு ஏதோ செய்தனீங்களாம். அதை எப்பிடி எண்டு சொல்லுங்கோவன்."

அந்தக் காலம் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஓய்வு பெற்று மூன்று வருடம்தான் ஆகிறது. பல்லும் கண்ணும் இன்னும் என்னுடையவைதான். ஆனாலும் அவளுடைய கேள்வி நியாயமானது. "கூட்டம் வைச்சால் சனம் வருது ரீச்சர். வந்து, 'என்ரை பிள்ளை வகுப்பிலை எத்தினையாம் பிள்ளை' எண்டு கேட்டுட்டுப் போகுது. இவையளை வைச்சு என்னத்தை முன்னேற்றுறது?" என்றாள். எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். திட்டத்தை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அந்தத் திட்டம் கடைசியில் யாரைப் பிடித்துக் கொடுத்தது என்பதையும் எழுதினால்தான் அவளுக்கு ஏதாவது பிரயோசனம்.

நான் படித்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பல்கலைக்கழகம் கொஞ்சப் புள்ளியால் தவறியது. ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடம். வகுப்புக்கு முதுகு காட்டாமல் கரும்பலகையில் எழுத அங்கேதான் பழகினேன். முதல் பன்னிரண்டு வருடம் அரியாலைப் பக்கம் ஒரு பாடசாலை. இடையில் போரால் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த வருடங்களும் அதற்குள் அடங்கும். பிறகு இடமாற்றத்தில் புத்தூர்ப் பக்கம் ஒரு கலவன் பாடசாலை. ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

நான் நல்ல ஆசிரியை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. மணி அடித்து நான் வகுப்புக்குப் போகப் பிந்தியதில்லை. கொப்பி திருத்தாமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. அதிலும் சமன்பாடு படிப்பிக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்று கல்வி வலயம் முழுக்கப் பேர் இருந்தது. அதற்கு ஒரு வித்தை வைத்திருந்தேன். சமன் அடையாளத்தை 'மதில்' என்பேன். இடது கையில் வெண்கட்டியைப் பிடித்து, வலது கைக்கு எறிந்து ஏந்தி, "மதிலுக்கு அங்காலை போனால் குறி?" என்று கேட்பேன். வகுப்பு முழுக்க "மாறும்!" என்று கத்தும். பக்கத்து வகுப்பு வரலாற்று ஆசிரியர் பாடசாலை அதிபரிடம் முறையிட்டும் இருக்கிறார். பிள்ளைகள் அந்தப் பாடத்தை மறக்க மாட்டார்கள். மறக்கவில்லை என்பதுதான் பிறகு வந்த வில்லங்கம்.

ஓய்வுக்கு நாலு வருடம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு புது அதிபர் வந்தார். கதை குறைந்த மனிதர். வகுப்புக்குள் வந்து பின்வரிசை வாங்கில் இருந்து குறிப்பெடுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. யன்னலுக்கு வெளியே, கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, ஐந்து நிமிடம் நிற்பார். பிறகு போய்விடுவார். பாராட்டவும் மாட்டார், ஏசவும் மாட்டார். அது ஏச்சை விடக் கூடுதலாகச் சுடும். யார் என்ன யோசனை சொன்னாலும், "அரைத் தாளிலை எழுதித் தாங்கோ" என்பார். "அரைத் தாளிலை அடங்காத திட்டம் பள்ளிக்கூடத்திலையும் அடங்காது."

அந்த வருடம் பத்தாம் வகுப்புத் தவணைப் பரீட்சையில் கணிதத்தில் பாதிப் பேருக்கு மேல் தவறிவிட்டார்கள். இது விளையாட்டான காரியம் இல்லை. பதினோராம் வகுப்பு முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் உயர்தரம் படிக்க முடியாது. மற்றப் பாடம் எல்லாவற்றிலும் கெட்டிக்காரியாக இருந்தாலும், அந்த ஒரு பாடம் பிள்ளையை வாசல் படலையோடு நிற்பாட்டிவிடும். அதிபர் என்னைக் கூப்பிட்டார். நான் காரணங்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். ரியூசன், கைத்தொலைபேசி, வீட்டில் கவனிப்பார் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ளையளைக் கேட்டியளோ, ரீச்சர்?"

"என்னத்தைக் கேக்கிறது, சேர்?"

"எந்த இடத்திலை விளங்காமல் போகுது எண்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தேழு வருடம் படிப்பித்தவள், பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் போய் என் பாடம் எப்படி என்று கேட்பதா? ஆனாலும் அடுத்த நாளே கேட்டேன். 'நீங்கள் சொன்னதைச் செய்தேன், ஒன்றும் வரவில்லை' என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுகிற ஆசையில்தான் கேட்டேன், பொய் சொல்லவில்லை. துண்டுத் தாள் கொடுத்து, பெயர் எழுத வேண்டாம் என்றேன். வந்த துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரி. 'எல்லாம் நன்றாக விளங்குகிறது. நன்றி ரீச்சர்.' ஒருவன் 'ரீச்சர் நீடூழி வாழ்க' என்றும் எழுதியிருந்தான். ஒரு துண்டு மட்டும் வேறு.

'விளங்காத இடத்தை நீங்கள் காணவே மாட்டீர்கள். அதை அழித்துவிட்டுத்தான் கொப்பி தருகிறோம்.'

தினமும் கொப்பி திருத்துகிறவளுக்குப் பெயர் தேவையில்லை. கையெழுத்து கம்சிகாவினுடையது. தோட்டம் செய்கிற தகப்பன், மருதனார்மடம் சந்தியில் தையல் கடைக்குப் போகிற தாய், ஒரே பிள்ளை. தமிழில் முதல் ஆள், கணிதத்தில் கடைசியில் இருந்து நாலாவது. இடைவேளைக்குக் கூப்பிட்டேன்.

"ஏன் பிள்ளை அழிக்கிறியள்?"

"சிவப்புப் பிழை கிடந்தால் அம்மா அழுவா, ரீச்சர். 'நீயும் என்னைப் போலப் போகப் போறாய்' எண்டு சொல்லிச் சொல்லி அழுவா. அதாலை முதல் பென்சிலாலை செய்வன். ரியூசன் கொப்பியோடை ஒத்துப் பாத்து, பிழையெண்டால் அழிறப்பராலை அழிச்சுப்போட்டுச் சரியானதைப் பேனையாலை எழுதுவன். எல்லாரும் அப்பிடித்தான். சில பேருக்கு வீட்டிலை அடி விழும்."

"அப்ப சோதினையிலை?"

"சோதினைக்கு ரியூசன் கொப்பி கொண்டுபோக விடமாட்டினம்தானே" என்றாள், என்னமோ நான்தான் விளங்காதவள் போல.

அன்றைக்கு என் மேசையில் கிடந்த கொப்பிகளைத் திரும்பப் பார்த்தேன். எவ்வளவு வடிவான கொப்பிகள்! ஒரு வைத்தியர் நோயாளியைப் பார்க்காமல் அவருடைய கல்யாணப் படத்தைப் பார்த்து மருந்து எழுதினால் எப்படி? அதைத்தான் நான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

பிழைக் கொப்பி அப்படித்தான் பிறந்தது. அரைத் தாளில் எழுதினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாற்பது பக்கக் கொப்பி. அதில் சரியான கணக்கு எழுதக் கூடாது. செய்து பிழைத்த கணக்கைப் பிழைத்தபடியே, பேனையால், அழிக்காமல் எழுத வேண்டும். எந்த வரியில் பிழைத்தது என்று அடிமட்டம் வைத்து ஒரு கோடு. வெள்ளிக்கிழமை தாயோ தகப்பனோ பார்த்து, 'பார்த்தேன், ஏசவில்லை' என்று எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். அதிபர் வாசித்தார். 'ஏசவில்லை' என்ற சொல்லின் கீழே மட்டும் ஒரு கோடு இழுத்துவிட்டு, "தொடங்குங்கோ" என்றார்.

முதல் மாதம் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஒரு தகப்பன், 'பார்த்தேன். ஏசவில்லை. அடித்தேன்' என்று எழுதிக் கையொப்பம் வைத்து அனுப்பினார். நேர்மையான மனிதர். இன்னொரு வீட்டில் தாய், பிழைக் கொப்பிக்கு உறை போட்டு, திருநீற்றுக் குறியும் வைத்து, உள்ளே ஒரு பிழையும் இல்லாமல் அனுப்பினா. "என்ரை பிள்ளை பிழை விடாது ரீச்சர்." மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வாங்குகிற இடத்தில் எல்லாம், "உங்கடை மகளுக்கு எத்தினை பிழை?" என்ற விசாரணை. கூடப் பிழை எழுதினால்தான் நான் மெச்சுகிறேன் என்று கதை பரவியதும் வந்ததுதான் உச்சம். ஒரு பிள்ளையைத் தாய் ரியூசனுக்கு அனுப்பி, அங்கே மாஸ்டரைக் கொண்டு நல்ல பிழைகளாகப் பத்து எழுதுவித்து அனுப்பினா. சிவப்பு, பச்சை மையில் கோடு வேறு. எங்கள் சனத்துக்குப் போட்டி என்று வந்துவிட்டால் பிழையிலும் முதலாம் பிள்ளையாக வரவேண்டும்!

நான் கொப்பி கொப்பியாகப் புரட்டித் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டாம் மாதம் உண்மையான பிழைகள் வரத் தொடங்கின. அசிங்கமான, வெட்டிக் கொத்தின, உயிருள்ள பிழைகள். அவற்றைத் தரம் பிரிக்க ஒரு சனிக்கிழமை ஆறு பிள்ளைகளை வரச் சொன்னேன். அதில் கம்சிகாவும் ஒருத்தி. மேசைகளை ஒட்டிப் போட்டு, பிழைகளைத் துண்டுகளாக எழுதி, இனம் இனமாகக் குவிக்கச் சொன்னேன். கூட்டல் பெருக்கல் தவறியது ஒரு குவியல், கேள்வியை விளங்காதது ஒரு குவியல், இப்படி. மத்தியானத்துக்குள் ஒரு குவியல் மற்றவற்றை விட உயரமாகிவிட்டது. எல்லாம் இந்த மாதிரியான கணக்குகள். −3x = 12 என்றால் x என்ன? −4 வரவேண்டும். பிள்ளைகள் 4 என்று எழுதியிருந்தார்கள்.

"கவனயீனம்" என்று துண்டில் எழுதி அந்தக் குவியலின் மேல் வைத்தேன். நான் அப்படித்தான். அந்தப் பிழையைக் கண்டால், பக்கத்தில் சிவப்பு மையில் 'கவனம்!' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். எத்தனை ஆயிரம் 'கவனம்' எழுதியிருப்பேனோ தெரியாது.

கம்சிகா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ரீச்சர், கவனயீனம் எண்டால் ஆளுக்காள் வேறை வேறை பிழையெல்லோ வரவேணும்? இது எல்லாருக்கும் ஒரே பிழை."

"உன்னட்டை நான் விளக்கம் கேட்டனானோ? வாயை மூடிக்கொண்டு குவி" என்றேன். அவள் முகம் சிவந்து குனிந்தது. அந்தப் பிள்ளை அன்றைக்குச் சொன்னதை விடத் தெளிவாக யாரும் எனக்குக் கணிதம் சொல்லித் தந்ததில்லை. நான் கேட்கவில்லை.

அடுத்து வந்தது பெற்றோர் நாள். பிள்ளை வகுப்பில் படும் பாடு பெற்றோருக்குத் தெரியவேண்டும் என்று அதிபரிடம் சொல்லி, வந்தவர்களைப் பிள்ளைகளின் வாங்குகளில் இருத்தினேன். ஐந்து கணக்கு எழுதிப்போட்டேன். செய்யச் சொன்னேன். அடேயப்பா, அந்தக் கலவரம்! "கண்ணாடி கொண்டரேல்லை ரீச்சர்", "நான் கலைப் பிரிவு ரீச்சர்", "என்ரை மனிசன் வருவார், அவர் செய்வார்". ஒரு தகப்பன் பக்கத்து ஆளின் தாளை எட்டிப் பார்த்தார். நான் அடிமட்டத்தால் மேசையில் தட்டினேன். பழக்கதோஷம்.

கடைசி வாங்கில் மெலிந்த ஒரு பெண் தலையைக் குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தா. கம்சிகாவின் தாய் சுகந்தி. கிட்டப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது கணக்கு −3x = 12. அவ x = 4 என்று எழுதியிருந்தா. மற்றவர்கள் அந்தக் கணக்கை விட்டிருந்தார்கள், அல்லது எதையாவது கிறுக்கியிருந்தார்கள். 4 என்று எழுதினவ அவ ஒருத்திதான்.

"அம்மாவும் மகளும் ஒரே மாதிரி. கொஞ்சம் கவனமாச் செய்யவேணும், என்ன?" என்று பகிடியாகச் சொன்னேன்.

அவ நிமிர்ந்து பார்த்தா. "கவனமாத்தான் செய்தனான், ரீச்சர்."

"எப்பிடி?"

சுகந்தி பேனையை இடது கையில் பிடித்தா. அதை வலது கைக்கு எறிந்து ஏந்தினா. "மதிலுக்கு அங்காலை போனால் குறி மாறும். நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள். மைனஸ் மூண்டு அங்காலை போனால் மூண்டு. பன்னிரண்டை மூண்டாலை பிரிச்சால் நாலு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் கை, என் எறிதல், என் குரலின் ஏற்ற இறக்கம்.

"நீ எங்கை படிச்சனி?"

"அரியாலையிலை, ரீச்சர். உங்களிட்டைத்தான். நீங்கள் என்னை மறந்திருப்பியள். நான் மூண்டாம் வாங்கு."

கணிதம் தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன். கூட்டியோ கழித்தோ நிற்கிற எண் மறுபக்கம் போனால் குறி மாறும், அது சரி. பெருக்கி நிற்கிற எண்ணுக்கு அந்தக் கதை இல்லை. இரண்டு பக்கத்தையும் அதே −3 ஆல் வகுக்கவேண்டும். உண்மையில் எதுவும் எந்த மதிலுக்கும் அங்காலை போவதில்லை. இது எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களிடம் இருந்தது என் வித்தை மட்டும். அதை அவர்கள் கவனமாக, நான் சொன்னபடியே செய்தார்கள். அரியாலையில் ஒரு தாய், புத்தூரில் அவவின் மகளும் வகுப்பு முழுக்கவும். இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்தது நான் ஒருத்திதான். என்னோடு சேர்ந்து என் பிழையும் இடமாற்றம் பெற்று வந்திருக்கிறது.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு சுகந்தியை நிற்கச் சொல்லிக் கேட்டேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு சாதாரண தரம் எடுத்தவ. கணிதம் மட்டும் தவறியது. இரண்டாம் தரமும் எடுத்து, இரண்டாம் தரமும் தவறியது.

"ஒரு குறியாலை ஆரும் ஃபெயில் விடுறேல்லை" என்று சொல்லிப் பார்த்தேன்.

"இல்லைத்தான், ரீச்சர். ஆனால் நான் கவனமாச் செய்யச் செய்யக் 'கவனம், கவனம்' எண்டு எழுதியிருந்தியள். இதுக்கு மேலை எப்பிடிக் கவனமாச் செய்யிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. அப்ப நான் மொக்கு எண்டு விளங்கிச்சுது. பிறகு கணக்குப் பாடத்திலை யன்னலுக்காலை பாத்துக்கொண்டிருந்தனான்."

கோபமாகச் சொல்லவில்லை. துணியை எந்த இடத்தில் வெட்டியது என்று சொல்வது போல இயல்பாகச் சொன்னா. அதனால்தான் எனக்கு அது பொறுக்க முடியாமல் இருந்தது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம் போல "எழுதித் தாங்கோ" என்பார் என்று நினைத்தேன். எழுதிக் கொடுத்தால் ஒரு கோப்புக்குள் போய்விடும், முடிந்தது. அவர் யன்னல் பக்கம் திரும்பினார்.

"இதை எழுத வேண்டாம், ரீச்சர். அந்தச் சனத்துக்குச் சொல்லுங்கோ. பிழையை அழிக்க வேண்டாம் எண்டு அவையளுக்குச் சொன்னது நாங்களெல்லோ."

இருபத்தேழு வருட சேவை. வலயத்தில் பேர். இரண்டு நாள் அதைத் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. பிள்ளைகள் வாராவாரம் செய்கிற காரியத்தை நான் ஒருக்கால் செய்ய இவ்வளவு நடுக்கமா? அடுத்த கூட்டத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் இருக்க, கரும்பலகையில் −3x = 12 எழுதி, என் வித்தைப்படி 4 என்று முடித்து, அடிமட்டம் வைத்து அதன் குறுக்கே கோடு இழுத்தேன். "இது என்ரை பிழை. பிள்ளையளின்ரை இல்லை" என்றேன். பிறகு முன்வாங்கில் இருந்த தகப்பன், அந்த 'அடித்தேன்' மனிதர், எழும்பி, "பாத்தனாங்கள், ரீச்சர். ஏசேல்லை" என்றார். சிரிப்பில் கூரை பறந்தது. நானும் சிரித்தேன். கண்ணும் கலங்கினது.

அதற்குப் பிறகு பாடத்தை மாற்றினேன். மதிலை இடித்தேன். ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும், இரண்டு பக்கத்துக்கும் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். 'இரண்டு பக்கமும் −3 ஆல் வகுத்தேன்.' விடை வந்ததும் அதை முதல் வரியில் போட்டுச் சரிபார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை வீட்டில் ஒரு பிழையை வீட்டு ஆள் ஒருவருக்கு விளங்கப்படுத்த வேண்டும். அந்த ஆள் ஒரு தரமாவது 'ஏன்?' என்று கேட்டு, கேட்ட கேள்வியைக் கொப்பியில் எழுதவேண்டும். கணிதம் தெரியாவிட்டாலும் ஏன் என்று கேட்கத் தெரியும்தானே! முதலில், 'ஏன் இவ்வளவு பிழை?' என்றுதான் எழுதினார்கள். போகப் போகக் கேள்வி கணக்குக்குள் இறங்கியது. எந்த இடத்தில் பிள்ளையால் 'ஏன்' என்பதற்குப் பதில் சொல்ல முடியவில்லையோ, திங்கட்கிழமை நான் அந்த இடத்தில் இருந்து பாடத்தைத் தொடங்கினேன். என் பாடக் குறிப்பை அந்த வருடம் எழுதினது புத்தூர்ச் சனம்தான்.

கம்சிகாவிடமும் மன்னிப்புக் கேட்டேன், வகுப்பில் எல்லோர் முன்னாலும். "நீ சொன்னது சரி பிள்ளை, நான்தான் வாயை மூடியிருக்கவேணும்" என்றேன். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. அவளுடைய கொப்பியில் சுகந்தி எழுதிய 'ஏன்'கள்தான் எல்லாவற்றிலும் கூர்மையானவை. 'மறையை மறையால் பெருக்கினால் ஏன் நேர்?' என்று ஒரு வாரம் எழுதியிருந்தா. அதற்குப் பதில் ஆயத்தம் செய்ய எனக்கு ஒரு பின்னேரம் பிடித்தது. மொக்கு கேட்கிற கேள்வியா இது?

அடுத்த வருடம் சாதாரண தர முடிவு வந்தபோது எங்கள் பாடசாலையில் கணிதத்தில் தவறினவர்களை ஒரு கை விரல்களால் எண்ணலாம். கம்சிகாவுக்கு 'பி' தரம். உயர்தரத்தில் வர்த்தகம் எடுத்தாள். சுகந்தி கற்கண்டுப் பையோடு வந்தா. கண் வீங்கியிருந்தது. சந்தோசத்தில் அழுதிருக்கிறா என்று நினைத்தேன்.

"நீயும் ஒருக்கால் எழுதிப் பாரன், சுகந்தி. தனியாள் விண்ணப்பம் நான் நிரப்பித் தாறன். நீ பாஸ் பண்ணுவாய், எனக்குத் தெரியும்."

"இனி எனக்கு என்னத்துக்கு ரீச்சர் அந்தப் பேப்பர்? எனக்குத் தையல் இருக்கு. எனக்கு வேறை ஒரு உதவி வேணும்." கற்கண்டுப் பையை மேசையில் வைத்தா. "அப்பாட்டைப் போய்க் கம்சிகாவின்ரை முடிவு சொன்னனான். அவர் சொல்லுறார், 'நல்லகாலம், பிள்ளை தாயைப் போல மொக்காப் போகாமல் தப்பீட்டுது' எண்டு. நான் ரெண்டாந்தரம் ஃபெயில் விட்ட நாளிலை இருந்து இதுதான் சொல்லுறவர். என்ரை கலியாணத்திலையும் சொன்னவர். ரீச்சர், நீங்கள் அண்டைக்குக் கூட்டத்திலை சொன்னியளே, அதை ஒருக்கால் அப்பாட்டைச் சொல்லுவியளே?"

சுகந்தியின் தகப்பன் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். விரல் மடக்காமல் நீளக் கூட்டல் போடுகிற மனிதர் என்று அந்தப் பக்கத்தில் பெயர். அப்படியான வீட்டில் கணக்கில் தவறின பிள்ளை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். "எப்ப போவம்?" என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அரியாலை வீட்டுக்குப் போனோம். கிழவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எண்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, மடியில் பத்திரிகை. என்னைத் தெரிந்துகொண்டு, "வாங்கோ ரீச்சர், இருங்கோ" என்று கதிரையைக் காட்டினார். சுகந்தி இருக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தகப்பனுக்குப் பின்னால் நின்றா. நாற்பது வயதுப் பெண், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி.

நான் இருக்கவில்லை. எனக்கு நின்றால்தான் பேச்சு வரும்.

"ஐயா, உங்கடை மகள் கணக்கிலை ஃபெயில் விட்டதுக்குக் காரணம் நான். நான் பிழையாச் சொல்லிக் குடுத்தனான். அவ நான் சொன்னதைச் சரியாச் செய்தவ. அவ மொக்கில்லை, கெட்டிக்காரி."

கிழவர் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகையைப் பார்த்தபடியே இருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் சுகந்தியைப் பார்த்தேன்.

"அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ரீச்சர். பலமாச் சொல்லுங்கோ" என்றா.

முப்பது வருடமாக நாற்பது பிள்ளைகளுக்கு மேல் குரல் எழுப்பின தொண்டை இது. பக்கத்து வளவில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்க, ஒழுங்கை முழுக்கக் கேட்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "சுகந்தி மொக்கில்லை, ஐயா! பிழை என்ரை! உங்கடை மகள் கெட்டிக்காரி!"

கிழவர் பத்திரிகையை மடித்து வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. கதிரையில் மெல்லத் திரும்பி, கதவடியில் நின்ற மகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

"முதல் சொன்னதே எனக்குக் கேட்டது, ரீச்சர்" என்றார். "என்ரை பிள்ளைக்கு இன்னொருக்கால் கேக்கட்டும் எண்டுதான் பேசாமல் இருந்தனான்."